கருங்காட்டுக்குக் கொண்டுபோன சான்றிதழ்

1

நேற்று குக்கருக்கு ரப்பர் வளையம் வாங்க ஒடாஹுஹு போனேன். வழக்கமாகப் போகும் மளிகைக்கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்துத் தமிழர்களின் பாதி விவகாரம் அவருடைய கல்லாவைத் தாண்டித்தான் போகும். வளையத்தை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, ஜேர்மனிக்குப் போட்டு வந்தனீங்களாம். மகள் எப்பிடி இருக்கிறா?"

"நல்லா இருக்கா."

"ஓம், என்ர தம்பியும் அங்கதான். காட்டுப் பக்கம் எல்லாம் சுத்தினனீங்களோ? நல்ல வடிவான இடமெல்லோ. மகளுக்குக் கலியாணம் எண்டு கதைக்கினம். எப்பவாம்?"

"தெரியாது" என்றேன்.

அவர் சிரித்தார். பெரிய மனிதன் ஏதோ மறைக்கிறான் என்று நினைத்திருப்பார். நான் மறைக்கவில்லை. என் ஒரே மகளின் கல்யாணத் தேதி எனக்கு உண்மையிலேயே தெரியாது. அது என் மனைவி செல்வியின் போனில் இருக்கிறது. கேட்டால் சொல்லுவாள். இரண்டு மாதமாக நான் கேட்கவில்லை.

இந்தக் குறிப்புகளை ஊரிலிருந்து படிக்கிற சிலர், ஜெர்மனிப் பயணத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்கினீர்களாமே, கொடுத்துவைத்தவர் என்று ஒருவர் பொறாமையே பட்டிருந்தார். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற கட்டுரையாக இது இருக்காது. எனக்கு அந்தக் காடு பிடிக்கவில்லை. அந்தக் காட்டுக்கும் என்னைப் பிடித்திருக்க நியாயமில்லை.

2

எனக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: படிவம் நிரப்புகிறவர். நகர மையத்தில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறேன் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் விசாவோ, குடியுரிமையோ, வீட்டு மார்ட்கேஜோ, எந்தப் படிவமாக இருந்தாலும் மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். மலேசியாக்காரர், சிங்கப்பூர்க்காரர், போன வாரம் மதுரையிலிருந்து வந்து இறங்கிய நர்ஸ், எல்லோரும் வந்திருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும், எந்தக் கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. என் கை பட்ட படிவம் திரும்பி வந்ததில்லை.

எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடும் அப்படித்தான். காகிதம் என் பொறுப்பு. பெட்டி கட்டுவது செல்வியின் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக நான் ஒரு பெட்டியைக்கூடக் கட்டியதில்லை.

மகள் மதி இங்கேயே பிறந்தவள். மேற்படிப்புக்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் போனாள். இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்றாள். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, கூடவே யோனாஸ் என்று ஒருவனும் கிடைத்தான். தச்சன். படித்த தச்சன் என்று செல்வி ஒவ்வொரு முறையும் திருத்துவாள். போன வருடம் மதி வீடியோவில் வந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம், அங்கேயே இருக்கப் போகிறோம் என்றாள். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள்.

அவன் வெள்ளைக்காரன் என்பதற்காக நான் கோபப்பட்டதாக இங்கே சிலர் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். என் கோபம் வேறு. நான் ஊரையும் உறவையும் விட்டு, குளிரில் வாடகை வீடு வீடாக மாறி, ஒரு தேசத்தைச் சம்பாதித்து இவள் கையில் கொடுத்தேன். அதை அவள் பேருந்து நிறுத்தம் மாதிரி வைத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிவிட்டாள். இது எனக்குத் தாங்கவில்லை. இப்போதும் தாங்கவில்லை.

அந்த ஊரில் கல்யாணத்தைப் பதிவு செய்ய, ஆறு மாதத்துக்குள் வாங்கிய பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதி வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாகும்படி அரசாங்க முத்திரையும் அதில் வேண்டும். பிறந்தது ஆக்லாந்து என்பதால் ஆக்லாந்துக்காரனான என்னிடமே கேட்டாள். "அப்பா, உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லா வரும். வாங்கிட்டு வரும்போதே எடுத்துட்டு வாங்க." பயணம் முடிகிற வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கியிருந்தாள். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தெரியாது. அவன் வேலைக்காக வேறு ஊர் மாறுகிறான் என்றும், அதற்குள் பதிவு செய்யாவிட்டால் எல்லாக் காகிதமும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் சொன்னாள்.

நான் விண்ணப்பித்தேன். ஒரு பிழையில்லாமல் பத்தே நாளில் வந்தது. முத்திரையும் வந்தது. பழுப்பு நிற உறையில் போட்டு, என் பெட்டியின் உட்புறத் துணிக்கும் அட்டைக்கும் நடுவே இருந்த ஜிப்புக்குள் செருகி வைத்தேன்.

ஃப்ரைபுர்க்கில் இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான். "கொண்டுவந்தீங்களா?"

"இன்னும் வரலைம்மா. கூரியரில் தாமதம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கேன். வந்ததும் அனுப்பிவிடுவார்" என்றேன்.

பொய்யைக்கூட நான் படிவம் மாதிரிதான் நிரப்புவேன். எந்தக் கட்டமும் காலியாக இருக்காது.

3

ஆறு நாள் பயணம். யோனாஸின் பழைய வேனில் நானும் செல்வியும் படுத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் இருவரும் கூடாரத்தில். கூடாரப் பயணம் மதியின் யோசனை. அதில் எனக்கு ஒரு குத்தல் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தில் கோடை வந்தால் நாடே கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். வீடு வாங்கக் கடன்பட்டவன் வீட்டைப் பூட்டிவிட்டு, காசு கொடுத்து மண்ணில் படுப்பானா என்று கேட்டு ஒரு முறைகூட நான் போனதில்லை. ஆறாம் வகுப்பில் மதியின் பள்ளியில் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவம் எங்கேயோ தொலைந்துபோய், அவள் மட்டும் போகவில்லை. அந்த வாரம் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் கெங்கன்பாக், அப்புறம் ட்ரிபெர்க், கடைசியில் ஷில்டாக். கருங்காடு என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி இருட்டாகத்தான் இருக்கிறது. ஊசியிலை மரங்கள் ஒன்றன் மேல் ஒன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அடியில் புல்லுக்குக்கூட இடமில்லை. ஊர்கள் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் பழைய வீடுகள். ஒவ்வொரு சன்னலிலும் சிவப்புப் பூத்தொட்டி. அந்த வீடுகளில் ஆணியே இல்லாமல் எப்படிச் சட்டத்தைச் சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்று யோனாஸ் என்னிடம் விளக்க வந்தான். கைகளைக் கோத்து, விரல்களை மடக்கிக் காட்டினான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானூறு வருடமாக அப்படியே இருக்கிற வீடுகளாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. தாத்தா பிறந்த வீட்டிலேயே பேரனும் பிறந்து, அதே சன்னலில் பூத்தொட்டி வைக்கிற ஒரு கூட்டம், என் பெண்ணையும் உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொள்ளப் பார்க்கிறது. அன்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கூடாரத் திடலைப் பற்றிக் கேட்காதீர்கள். காடு என்று பெயர், ஆனால் ரயில்வே அலுவலகத்தில் இருப்பதைவிட விதி அதிகம். வாசலிலேயே இரண்டு ஆள் உயரப் பலகை. குப்பையை ஐந்தாகப் பிரிக்க வேண்டும். குளிக்கக் காசு மாதிரி ஒரு வில்லையை வாங்கி இயந்திரத்தில் போட வேண்டும், நான்கு நிமிடத்தில் வெந்நீர் நின்றுவிடும், சோப்பு நுரையோடு நிற்க வேண்டியதுதான். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை ஓய்வு நேரம். அப்போது வாசல் கட்டையை இறக்கிவிடுவார்கள், வண்டி உள்ளேயும் வராது வெளியேயும் போகாது, சத்தம் கூடாது. ஒருவன் தூங்குவதற்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் திருச்சியில் சொன்னால் சிரிப்பார்கள்.

யோனாஸ் காலையில் என்னைப் பார்த்ததும் கையைக் கூப்பி, "வணக்கம் மாமா" என்பான். செல்வி சொல்லிக்கொடுத்திருக்கிறாள். முதல் நாள் பதில் சொல்லாமல் பல் துலக்கப் போய்விட்டேன். இரண்டாம் நாளும் சொன்னான். மூன்றாம் நாளும் சொன்னான். வெட்கமில்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, காபியை என் கையில் கொடுக்கும்போது மதி கேட்பாள். "அப்பா, அந்த உறை வந்துச்சான்னு பக்கத்து வீட்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னும் வரலையாம்."

மதி பேசுவதெல்லாம் ஆங்கிலம். நான் தமிழில் எழுதுகிறேன். தமிழாகும்போது அவள் பேச்சில் கொஞ்சம் பணிவு வந்து ஒட்டிக்கொள்கிறது. அது என் கைவேலை, நம்பிவிடாதீர்கள். ஆனால் அந்த ஒரு கேள்வியை அவள் பணிவாகத்தான் கேட்டாள். தினமும் அதே கேள்வி, அதே குரல். நான் பதில் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள்.

4

ட்ரிபெர்க் பக்கத்துத் திடலில்தான் குக்கர் சண்டை நடந்தது.

நான்கு நாளாக ரொட்டியும் பாலாடைக்கட்டியும். அன்று செல்வி பொறுமை இழந்தாள். ஆக்லாந்திலிருந்து கொண்டுவந்த மூன்று லிட்டர் குக்கரை எடுத்து, அரிசியும் பருப்பும் போட்டு, யோனாஸின் சின்ன எரிவாயு அடுப்பில் ஏற்றிவிட்டாள். மணி ஒன்றேகால். யாருக்கும் ஓய்வு நேரம் ஞாபகத்தில் இல்லை. மதியும் யோனாஸும் ஓடைப் பக்கம் போயிருந்தார்கள்.

முதல் விசில் வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர் வண்டியில் ஒரு திரை விலகியது. மூன்று நாய்கள் குரைத்தன. அரைக்கால் சட்டை போட்ட ஒரு கிழவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அவர் பின்னாலேயே திடல் மேலாளர். அவர் ஜெர்மனில் கத்தினார், நான் ஆங்கிலத்தில் கத்தினேன்.

"இது சத்தம் இல்லை, சாப்பாடு!" என்றேன். "நீங்கள் தூங்குவதற்காக நாங்கள் பட்டினி கிடக்க வேண்டுமா?"

"நிறுத்துங்க, அடுப்பை அணைச்சுடறேன்" என்றாள் செல்வி.

"அணைக்காதே! அணைச்சா அரிசி வேகாது. மூணு விசில் வரணும்."

உண்மையில் எனக்குப் பசியே இல்லை. நான்கு நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்ட ஓர் ஆள் கிடைத்துவிட்டார், அவ்வளவுதான்.

சத்தம் கேட்டு யோனாஸ் ஓடிவந்தான். மேலாளரிடம் ஏதோ சொன்னான். தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சார்பில் மன்னிப்புக் கேட்க இவன் யார்?

பிறகு அவன் செய்ததுதான் வேடிக்கை. அடுப்பை அணைத்தான். குக்கரைத் துண்டால் சுற்றி ஒரு கையிலும், அடுப்பை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டான். வாசல் கட்டை இறங்கியிருந்ததால் வண்டி போகாது. நடந்தே வெளியே போனான். கட்டையைத் தாண்டி, சாலையைக் கடந்து, மரம் அடுக்கி வைத்திருந்த ஒரு வெட்டவெளியில் அடுப்பை வைத்து மறுபடியும் பற்ற வைத்தான். குக்கர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். செல்வி வேலியோரம் போய் நின்றாள். தூரத்தில் இரண்டாவது விசில் மெலிதாகக் கேட்டது.

"ரெண்டு!" என்று கையைத் தூக்கித் தமிழில் கத்தினான்.

கொஞ்ச நேரத்தில், "மூணு!"

அரிசி பதமாக வெந்திருந்தது. செல்வி முதல் கரண்டியை அவன் தட்டில் போட்டாள். நான் ரொட்டியே போதும் என்று சொல்லிவிட்டேன்.

5

மறுநாள் மதியம் மழை. கூடாரக்காரர்கள் இருவரும் ரொட்டிக்கடைக்குப் போயிருந்தார்கள். நானும் செல்வியும் வேனுக்குள் கால் நீட்ட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி. செல்வி திடீரென்று சொன்னாள்.

"உங்க அப்பா போலீஸ்காரர்கிட்ட சொன்னதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருதுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாதான். மழை பெய்யுதுல்ல."

உங்களுக்கு இந்தக் கதை தெரியாது. நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, விசாரணைக்குக் காவலர் பொன்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். வாசலில் நின்று, "அவன் இங்கே இல்லைங்க. மெட்ராஸ் போயிட்டான். எப்ப வருவான்னு தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் அப்போது கொல்லைப்புறத்தில் குளித்துக்கொண்டிருந்தேன். முகவரியில் ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். பாஸ்போர்ட் நான்கு மாதம் நின்றுபோனது. பிறகு காவல் நிலையத்தில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன். அப்பா அசையவே இல்லை.

"நாலு மாசம் கூட இருந்தியில்ல" என்றார்.

அதற்குப் பிறகு கிளம்புகிற நாள்வரை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை. பின்னாளில் போனில் பேசிக்கொண்டோம். மழை, உடம்பு, சாப்பாடு, அவ்வளவுதான். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த நான்கு மாதத்துக்காக அவரை நான் மன்னித்தேன் என்று சொன்னால் பொய்.

"அவர் செஞ்சதும் நான் நினைக்கிறதும் ஒண்ணா?" என்று கேட்டேன்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு நான் எங்க கேட்டேன்?" என்றாள் செல்வி. கண்ணாடியில் இருந்த ஆவியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்டாட்டி வழக்கம்போல் நச்சரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தையெல்லாம் படிக்கிறவன், பக்கத்தில் உட்கார்ந்தவளின் முகத்தைப் படிக்கவில்லை.

6

ஷில்டாக், வியாழக்கிழமைக் காலை. கடைசி நாள். மறுநாள் பதிவு அலுவலகம்.

"வணக்கம் மாமா" வந்தது. காபி வந்தது. மதி கோப்பையை என் கையில் கொடுத்தாள். நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்கவில்லை.

கோப்பையைக் கொடுத்துவிட்டு நாற்காலிகளை மடக்கப் போய்விட்டாள். நான் காபியைக் குடித்து முடித்தேன். இரண்டாவது கோப்பையும் குடித்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஐந்து நாளும் அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தது. அது வராதபோது பயமாக இருந்தது. நல்ல புத்தி வந்து மனம் மாறினேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அப்படி இல்லை. பயந்துதான் எழுந்தேன்.

யோனாஸ் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, பழைய பல்துலக்கியால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று நான் பார்க்கவில்லை. நேராக வேனுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். துணிகளை ஒதுக்கி, உட்புற ஜிப்பை இழுத்துக் கைவிட்டேன்.

உறை இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். செல்வியின் பெட்டியையும் கவிழ்த்தேன். மருந்துப் பை, செருப்புப் பை, மிளகாய்ப்பொடி டப்பா வைத்திருந்த பை, ஒன்று விடவில்லை. வழியில் எந்தத் திடலிலோ, எந்தப் புல்லிலோ விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு நேரம். அதற்குள் ஆக்லாந்திலிருந்து இன்னொன்றை வரவழைக்க எந்தப் படிவமும் இல்லை.

நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"மதி, அந்தச் சான்றிதழ் வந்துருச்சும்மா. கிளம்புறதுக்கு முன்னாடியே வந்துருச்சு. நான்தான் கொண்டுவந்து... பெட்டிக்குள்ள வெச்சிருந்தேன். இப்ப காணோம்."

அவள் நிமிரவில்லை. "காணாமப் போகலை. என்கிட்டதான் இருக்கு. முதல் நாளே அம்மா குடுத்துட்டாங்க."

"அப்புறம் எதுக்குத் தினமும் கேட்டே?"

இப்போது நிமிர்ந்தாள். ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் சொன்னாள். அவளுடைய அரைகுறைத் தமிழில்.

"நீங்க குடுப்பீங்கன்னு."

எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் முதலில் வரும். "மூணு பேரும் சேர்ந்து எனக்குப் பரீட்சை வெச்சீங்களா? அந்தப் பையனுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

தெரிந்துகொண்டேதான் காலையில் கைகூப்பியிருக்கிறான். தெரிந்துகொண்டேதான் குக்கரைத் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போயிருக்கிறான்.

"ஸ்கூல் கேம்ப் ஃபார்மும் இப்படித்தான் தொலைஞ்சுது" என்றாள் மதி, மறுபடி ஆங்கிலத்தில், சாதாரணமாக. "எனக்குப் பத்து வயசு. ரீசைக்கிள் தொட்டியில ரெண்டாக் கிழிஞ்சு கிடந்ததைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாம எடுத்து ஒட்டினேன். கையெழுத்துப் போட உங்ககிட்டத்தான் கொண்டுவரணும், அதனால மறுபடி தொட்டியிலயே போட்டுட்டேன்."

பதினைந்து வருடமாக அவளுக்கு இது தெரியும். ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அந்த வாரம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள் எதைப் படித்துக்கொண்டிருந்தாள் என்று நானும் கேட்டதில்லை. நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குளித்துவிட்டு வந்த செல்வியிடம் சண்டைக்குப் போனேன். அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"பெட்டி கட்டுறது நான்தானேங்க. ஆக்லாந்துலயே பார்த்துட்டேன்."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா குடுத்திருப்பீங்க. எனக்குப் பயந்து. அது அவளுக்குக் குடுத்ததா ஆகுமா?"

மறுநாள் பதிவு அலுவலகத்துக்கு மதி யோனாஸோடு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. ஃப்ரைபுர்க்கில் தெருவோரமாகச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஓடும். குழந்தைகள் மரப்படகைக் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கை பட்ட காகிதத்தில் எந்தக் குறையும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்களாம். தேதி கிடைத்துவிட்டது என்று மூவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். என்ன தேதி என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

7

நியூசிலாந்துக்குள் நுழைய ஒரு பிரகடனம் நிரப்ப வேண்டும். இந்த நாட்டுக்கு மனிதர்களைவிட மண்ணைக் கண்டால்தான் பயம். வெளிநாட்டு மண் ஒரு துளி ஒட்டிக்கொண்டு வந்தாலும் விடமாட்டார்கள். விமானத்தில் உட்கார்ந்து போனில் நிரப்பினேன். காட்டுக்குள் போனீர்களா? ஆம். கூடாரப் பொருள், காலணி? ஆம். உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?

எத்தனையோ பேருக்கு இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஆம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அன்று விரல் நின்றது. பக்கத்து இருக்கையிலிருந்து செல்வி எட்டிப் பார்த்தாள்.

"ஆமான்னே போடுங்க. நான்தான் கட்டினேன்" என்றாள்.

ஆக்லாந்து விமான நிலையத்தில் தனி வரிசைக்கு அனுப்பினார்கள். பரிசோதிக்கிற அதிகாரி ஒரு சமோவாப் பெண்மணி. பெட்டியைத் திறந்து என் நடைக் காலணிகளை வெளியே எடுத்தார். ஆறு நாள் அந்தக் காட்டுச் சேற்றில் மிதித்த காலணிகள். கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாப் படிவமும் தெரிந்தவனுக்கு அது தோன்றவில்லை.

அவர் காலணிகளைத் திருப்பி, விளக்கைப் பிடித்து, அடிப்பாகத்தின் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு மண் துகள் இல்லை. கடையில் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. பள்ளத்துக்குள் ஒரு பல்துலக்கியின் நீல இழை ஒன்று மட்டும் சிக்கியிருந்தது. அதிகாரி அதை எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

"இன்றைக்கு நான் பார்த்ததிலேயே சுத்தமான காலணி இதுதான்" என்றார் ஆங்கிலத்தில். "யார் கழுவினது, நீங்களா?"

"இல்லை" என்றேன். "மை சன்-இன்-லா."

முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம், உலகத்தின் இந்தக் கோடியில் நின்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் காலணிகளைப் பெட்டிக்குள் வைத்தார். செல்வி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு கதவுவரை வந்தபோது சொன்னாள்.

"இதை அங்கயே சொல்லியிருந்தா, அந்தப் பிள்ளை காதுல விழுந்திருக்கும்."